பம்ப் மாற்றும் முன் கேஜ் மாட்டுங்கள்: பழைய எம்.பி.எஃப்.ஐ. காரில் பெட்ரோல் அழுத்தம் பார்ப்பது

‘பம்ப் போச்சு சார், மாத்திடலாம்.’ பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். மேட்டில் வண்டி திணறினாலும் பம்ப், காலையில் செல்ஃபை நீளமாக அடிக்க வேண்டியிருந்தாலும் பம்ப், ஏ.சி. போட்டதும் எஞ்சின் அணைந்தாலும் பம்ப். சில நேரம் அது சரியாகவும் இருந்துவிடும். அதனால்தான் இந்த வழக்கம் ஒழியவில்லை. அழுத்தத்தை அளந்து பார்க்க ஒரு மணி நேரம் போதும். அளக்காமல் மாற்றினால் பம்ப்பின் விலையும் போகும், டேங்க்கைத் திறந்து மூடிய கூலியும் போகும், கோளாறு மட்டும் போகாமல் இருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்த முதல் தலைமுறைக் கார்களுக்கு. 2000-இல் வந்த மாருதி 800 எம்.பி.எஃப்.ஐ., அதையொட்டி வந்த ஜென், எஸ்டீம், 1998-இல் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த சான்ட்ரோ, 1999-இல் மறைமலைநகரிலிருந்து வந்த ஐகான், டேவூ மாட்டிஸ் போன்றவை. கார்புரேட்டர் வண்டிக்கு இது பொருந்தாது. அங்கே அழுத்தம் இதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. காமன் ரயில் டீசல் வண்டியில் இந்த வேலையைத் தொடவே கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். ஊசிமுனை அளவு கசிவுகூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாத ஒன்று

எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினில் ஈ.சி.யூ. என்ற கம்ப்யூட்டர் பெட்ரோல் விஷயத்தில் செய்யும் முக்கிய வேலை: இன்ஜெக்டரை எத்தனை மில்லி விநாடி திறந்து வைப்பது என்று முடிவு செய்வது. அத்தனை நேரம் திறந்தால் இவ்வளவு பெட்ரோல் இறங்கும் என்ற கணக்கு, அழுத்தம் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் போடப்பட்டது. நம் ஊர்ப் பழைய வண்டிகளில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சார் கிடையாது. அதனால் ஸ்கேனர் மாட்டிப் பார்த்துவிட்டு ‘எரர் எதுவும் இல்லை’ என்று சொன்னால், பெட்ரோல் பக்கம் சரியாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. ஈ.சி.யூ.வுக்குத் தெரியாததை அது எப்படிச் சொல்லும்?

அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் எவ்வளவு குறையும் என்பதற்கும் கணக்கு உண்டு. இன்ஜெக்டர் வழியாகப் பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 2.4 பார் இருந்தால் பெட்ரோல் சுமார் 10 சதவீதம் குறையும். 2 பாராக இறங்கினால் ஏறக்குறைய 18 சதவீதம். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி, சாதாரண ஓட்டத்தில் இந்தக் குறையை இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து ஈடுகட்டிவிடும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது அந்தத் திருத்தம் நின்றுபோகும். ஊருக்குள் ஒழுங்காக ஓடும் வண்டி, கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவில் மட்டும் மூச்சு வாங்குவது இதனால்தான்.

டேங்க்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கும் பம்ப், ஃபில்டர் வழியாகப் பெட்ரோலைத் தள்ளி, இன்ஜெக்டர்கள் செருகியிருக்கும் ரயிலுக்கு அனுப்புகிறது. ரயிலின் முனையில் ரெகுலேட்டர் என்ற சின்ன உலோக டப்பா இருக்கும். அதற்குள் ஒரு டயாஃப்ரம், ஒரு ஸ்பிரிங். அளவுக்கு மேல் வரும் பெட்ரோலை அது ரிட்டர்ன் குழாய் வழியே டேங்க்குக்கே திருப்பிவிடும். அதன் தலையில் ஒரு மெல்லிய வேக்குவம் குழாய் இருக்கும். மறுமுனை இன்டேக் மேனிஃபோல்டில். ஐடிலிங்கில் மேனிஃபோல்டில் உறிஞ்சல் அதிகம் என்பதால், அது டயாஃப்ரத்தை இழுத்து, அழுத்தத்தை அரை பார் அளவுக்குக் குறைக்கும். இந்த அரை பார் வித்தியாசத்தை மனதில் வையுங்கள். சோதனையில் பாதி இதை வைத்துத்தான்.

ரயிலிலிருந்து ரிட்டர்ன் குழாயே இல்லாத வண்டிகளும் உண்டு. அவற்றில் ரெகுலேட்டர் டேங்க்குக்குள், பம்ப்போடு சேர்ந்தே இருக்கும். வேக்குவம் குழாய் இருக்காது. அழுத்தமும் ஐடிலிங்கில் குறையாது. பானெட்டைத் திறந்ததும் ரயிலுக்கு ஒரு குழாய் வருகிறதா, இரண்டு குழாய் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் வண்டிக்கு என்ன அளவு என்பதை அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும். ரிட்டர்ன் உள்ள பெரும்பாலான வண்டிகளில் வேக்குவம் இல்லாத நிலையில் 2.5 முதல் 3.5 பாருக்குள் இருக்கும். ஒரு பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ.; கிலோ கணக்கில் சொன்னால் ஏறக்குறைய ஒரு கிலோ. இனி வரும் விளக்கங்களுக்கு, ரிட்டர்ன் குழாய் உள்ள ஒரு 3 பார் வண்டியை வைத்துக்கொள்வோம்.

கேஜும் மற்றவையும்

0 முதல் 7 அல்லது 10 பார் வரை காட்டும் பெட்ரோல் பிரஷர் கேஜ், அதோடு டி வடிவ இணைப்புகள் கொண்ட கிட் ஆன்லைனில் கிடைக்கிறது, சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். டயருக்குக் காற்றுப் பார்க்கும் கேஜை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. கிட்டோடு வரும் குழாயை ஒருமுறை வளைத்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு, இன்ஜெக்‌ஷன் வண்டிக்கென்று வரும் பெட்ரோல் ஹோஸாக வாங்குங்கள். கார்புரேட்டர் வண்டிக்கு விற்கும் சாதாரணப் பெட்ரோல் குழாய் பார்வைக்கு ஒரே மாதிரி கறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் 3 பாரில் நம்பி நிற்க முடியாது. கிளிப்பும் அப்படியே: பட்டையில் வெட்டு விழுந்த மலிவு கிளிப்புகள் ரப்பரை அறுத்துவிடும். விளிம்பு மடித்த, முழு வட்டமாக இறுகும் கிளிப் வேண்டும்.

ரயிலில் டயர் வால்வு போன்ற முனை இருந்தால் வேலை சுலபம், கேஜை அதில் திருகினால் போதும். நம் வண்டிகள் பலவற்றில் அது இருக்காது. அப்போது ஃபில்டரிலிருந்து ரயிலுக்குப் போகும் வழியில் ரப்பர் ஹோஸ் உள்ள இடத்தைப் பார்த்து, அங்கே டி இணைப்பை நுழைக்க வேண்டும். நடுவில் துளையிட்ட போல்ட்டால் இணைத்திருந்தால், அதன் இருபுறமும் செப்பு வாஷர்கள் இருக்கும். அவை ஒருமுறை நசுங்கினால் மறுமுறை ஒழுங்காக அடைக்காது. புதியவற்றை வாங்கி வைத்துக்கொண்டே பிரியுங்கள்.

கழற்றும்போது குழாயின் நிலையையும் கவனியுங்கள். இருபது வயது வண்டியின் ரப்பர், எத்தனால் அதிகம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டதல்ல. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி இன்று எங்கும் வந்துவிட்டது. வளைத்தால் வெடிப்பு தெரிகிற குழாயைச் சோதனைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய் வண்டியைக் கொளுத்திவிட வேண்டாம்.

தீ பற்றிச் சில வார்த்தைகள்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு படர்ந்து பள்ளத்தில் தங்கும். அதனால் சர்வீஸ் குழிக்கு மேலே, மூடிய கராஜுக்குள், பூஜை விளக்கு எரியும் அறைக்குப் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம். திறந்தவெளி, எஞ்சின் முழுக்க ஆறிய நேரம், கையெட்டும் தூரத்தில் பவுடர் தீயணைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி. வயர் நீட்டிய குண்டு பல்பைக் கொண்டுவராதீர்கள்; கீழே விழுந்து உடைந்தால் அந்தச் சுருளே போதும். எல்.இ.டி. டார்ச் பிடியுங்கள்.

அழுத்தத்தை இறக்காமல் எந்தக் குழாயையும் தொடாதீர்கள். டேங்க் மூடியைத் திறந்து ஆவியை விடுங்கள். பம்ப் ஃப்யூஸையோ ரிலேவையோ பிடுங்கிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். ரயிலில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் சில விநாடி ஓடி, இருமிவிட்டு நிற்கும். மேலும் இரண்டு மூன்று விநாடி செல்ஃப் அடித்துவிட்டுச் சாவியை எடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இதற்குப் பிறகும் இணைப்பைச் சுற்றித் தடித்த பருத்தித் துணியைச் சுற்றித்தான் பிரிக்க வேண்டும், ஏனென்றால் ஒரு சின்னக் கிளாஸ் அளவு பெட்ரோல் எப்படியும் வரும். அந்தத் துணியை எஞ்சின் மேலேயே போட்டுவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வேண்டாம், தூரத்தில் வெயிலில் விரித்துப் போடுங்கள்.

ஒரு ரீடிங் போதாது

கேஜை மாட்டி, பானெட்டின் ஓரத்தில் ஃபேன் பெல்ட்டில் படாதபடி கட்டி, பிடுங்கிய ஃப்யூஸையோ ரிலேவையோ திரும்பச் செருகி, பேட்டரியை இணைத்தாயிற்று. இனிதான் பலர் அவசரப்படுகிறார்கள். ஸ்டார்ட் செய்து, முள் எங்கேயோ நிற்பதைப் பார்த்து, ‘பிரஷர் இருக்குப்பா’ என்று கேஜைக் கழற்றிவிடுகிறார்கள். எஞ்சின் எந்த நிலையில் இருக்கும்போது எடுத்த ரீடிங் என்று சொல்லாத எண் எதற்கும் உதவாது. எடுக்க வேண்டியவை நான்கு: எஞ்சின் ஓடாமல், ஐடிலிங்கில், பாரம் இழுக்கும்போது, அணைத்த பிறகு.

ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்புங்கள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று விநாடி ‘ங்ங்’ என்று ஒரு ரீங்காரம் கேட்டு நிற்கும், அதுதான் பம்ப். உடனே ஆஃப் செய்துவிட்டு, நீங்கள் பிரித்த ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள், விரலால் தடவியும் பாருங்கள். ஈரம் இருந்தால் மேலே போகக் கூடாது. உலர்ந்திருந்தால் சாவியை இன்னும் இரண்டு மூன்று முறை ஆன், ஆஃப் செய்யுங்கள். குழாயில் புகுந்த காற்று போய், முள் படிப்படியாக ஏறி 3 பாரை ஒட்டி நிற்கும்.

இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலிங்கில் முள் 2.5 பாரை ஒட்டி இறங்க வேண்டும். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. ரெகுலேட்டர் தலையிலிருக்கும் வேக்குவம் குழாயைப் பிடுங்கி விரலால் அடையுங்கள். முள் அரை பார் ஏறி 3-ஐத் தொட வேண்டும். திரும்பச் செருகினால் இறங்க வேண்டும். ஏறி இறங்கினால் ரெகுலேட்டர் உயிரோடு இருக்கிறது. அசையவில்லை என்றால் ரெகுலேட்டரைக் குறை சொல்லும் முன், மேனிஃபோல்டு முனையில் உறிஞ்சல் இருக்கிறதா, குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படிப் பிடுங்கிய குழாயின் முனையை ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். அது உலர்ந்திருக்க வேண்டும். உள்ளே பெட்ரோல் ஈரமோ வாசனையோ இருந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. பெட்ரோல் அந்த வழியாக நேரே மேனிஃபோல்டுக்குள் போகிறது. கறுப்புப் புகை, மைலேஜ் சரிவு, சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது எல்லாம் இந்தச் சின்னக் குழாயில் தொடங்கியிருக்கலாம். இதற்குக் கேஜ்கூடத் தேவையில்லை. ஆனாலும் பார்க்காமல் விட்டு இன்ஜெக்டர் கிளீனிங் செய்தவர்கள் ஏராளம்.

மூன்றாவது ரீடிங் கொஞ்சம் சிரமம், ஆனால் பெரும்பாலான புதிர்கள் அவிழ்வது இதில்தான். நின்ற இடத்தில் ரேஸ் செய்து பார்ப்பது அரைகுறைச் சோதனை. எஞ்சின் மேல் பாரம் இல்லாதபோது பெட்ரோல் அதிகம் செலவாகாது. குழாய் நீளமாக இருந்தால் பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, கேஜை முன் கண்ணாடியின் வெளிப்புறத்தில் வைப்பருக்கு அடியில் டேப் போட்டு ஒட்டி, ஒரு மேட்டுச் சாலையில் ஓட்டிப் பாருங்கள். கூட ஒருவர் உட்கார்ந்து முள்ளைப் பார்க்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். பெட்ரோல் உள்ள குழாயை எக்காரணம் கொண்டும் காருக்குள் கொண்டுவரக் கூடாது. முழு ஆக்சிலரேட்டரில் மேனிஃபோல்டு உறிஞ்சல் போய்விடுவதால் முள் 3-க்கு ஏறி அங்கேயே நிற்க வேண்டும். ஏறுவதற்குப் பதில் 2.2, 2 என்று வழிந்தால், எஞ்சின் கேட்கும் அளவுக்குப் பெட்ரோல் வந்து சேரவில்லை.

கடைசியாக எஞ்சினை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். முள் சட்டென்று கொஞ்சம் இறங்கி நின்றுவிட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்தும் 2 பாரை ஒட்டி இருந்தால் நல்லது. கண் முன்னாலேயே பூஜ்யத்துக்குப் போனால், எங்கேயோ அழுத்தம் ஒழுகுகிறது. வெயிலில் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போய்த் திரும்பினால் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும் வண்டிகளை இங்கே பிடிக்கலாம்: அழுத்தம் போனதும், எஞ்சின் சூட்டில் ரயிலுக்குள் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது.

யார் குற்றவாளி

எல்லா நிலையிலும் அழுத்தம் குறைவு என்றால், எஞ்சின் ஓடும்போது ரிட்டர்ன் ரப்பர் குழாயை வழுவழுப்பான தாடை கொண்ட இடுக்கியால் ஒரே ஒரு விநாடி அழுத்துங்கள். முள் விருட்டென்று 4, 5 என்று தாவினால் பம்ப்பில் குறையில்லை, ரெகுலேட்டர்தான் அதிகம் திருப்பி அனுப்புகிறது. தாவவில்லை என்றால் கோளாறு அதற்கு முன்னால்: ஃபில்டர், டேங்க்குக்குள் இருக்கும் வலை, பம்ப்புக்கும் டேங்க் மூடிக்கும் நடுவிலுள்ள சின்ன ஹோஸ், பம்ப். இந்த வரிசையில்தான் சந்தேகப்பட வேண்டும். பிளாஸ்டிக் குழாயையோ வெடித்த ரப்பரையோ இப்படி நசுக்கக் கூடாது.

அழுத்தம் அதிகம் என்றால் பெரும்பாலும் ரிட்டர்ன் வழியில் அடைப்பு. வண்டிக்கு அடியில் ஜாக்கி வைத்து நசுங்கிய ரிட்டர்ன் பைப்புகள் நிறைய உண்டு. முதலில் குனிந்து பாருங்கள்.

அணைத்த பிறகு ஒழுகுகிற வண்டிக்கு இடுக்கியே போதும். அழுத்தம் ஏற்றிவிட்டு அணைத்த உடனே, கேஜுக்கும் டேங்க்குக்கும் நடுவில் வரும் குழாயை அழுத்துங்கள். முள் நின்றால் பம்ப்பிலுள்ள செக் வால்வு. நிற்காவிட்டால் மறுபடி ஏற்றி, இம்முறை ரிட்டர்னை அழுத்துங்கள். நின்றால் ரெகுலேட்டர். இரண்டையும் அழுத்தியும் இறங்கினால் ஏதோ ஒரு இன்ஜெக்டர் சொட்டுகிறது. பிளக்குகளைக் கழற்றினால் ஈரமான ஒன்று காட்டிக்கொடுக்கும். செக் வால்வு மட்டும் போன பம்ப்புக்கு அவசரமில்லை. ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை இரண்டு முறை ஆன் செய்தால் வண்டி கிளம்பிவிடும். பல மாதம் அப்படியே ஓட்டலாம்.

பம்ப் சத்தமே இல்லை, அழுத்தமும் இல்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, வயரிங் என்று வாருங்கள். எல்லாம் சரி என்றால், ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு டேங்க்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். அதற்குப் பம்ப் ஓடினால் உள்ளே பிரஷ் தேய்ந்துவிட்டது. வீடு போய்ச் சேருங்கள், மறுநாள் மாற்றுங்கள்.

வோல்ட்மீட்டரை மறந்துவிடாதீர்கள்

மேட்டில் அழுத்தம் வழிந்தது என்பதோடு நின்று பம்ப் வாங்கப் போய்விடாதீர்கள். பம்ப்பும் ஒரு மோட்டார்தான். மின்சாரம் குறைந்தால் சுற்றுவதும் குறையும். ஓர் எஸ்டீமில் ஒன்றுக்கு இரண்டு பம்ப் மாற்றியும் திணறல் போகவில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், பின் சீட்டைத் தூக்கி, பம்ப்பின் கனெக்டரில் அளந்தபோது 10.6. அடியில் எர்த் போல்ட் துருவேறிப் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதும் வண்டி மேடேறியது. கழற்றிப் போட்ட பம்ப்புகளில் ஒன்றாவது நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

அளக்கும் முறை முக்கியம். கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் துருப்பிடித்த வயரும் முழு வோல்ட்டைக் காட்டும். கனெக்டர் மாட்டியபடி, பம்ப் ஓடும்போது, பின்பக்கமாக முனையைச் செருகி அளக்க வேண்டும். பேட்டரிக்கும் பம்ப்புக்கும் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மின்சாரமும் சரி, ஃபில்டரும் புதிது, மேட்டில் அழுத்தம் இன்னும் வழிகிறது என்றால், பம்ப்பை மாற்றும்படி தயங்காமல் சொல்லலாம். பழைய பம்ப் ஏன் போனது என்பதையும் யோசியுங்கள். பம்ப்பைக் குளிர்விப்பது சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். இருநூறு ரூபாய்க்கு அடித்து எப்போதும் ரிசர்வில் ஓடும் வண்டியிலும், கேஸ் கிட் மாட்டிவிட்டுப் பெட்ரோல் டேங்க்கைக் காயவிட்ட வண்டியிலும் பம்ப் சீக்கிரம் வேகும். கால் டேங்க்குக்குக் கீழே போகவிடாதீர்கள்.

மூடும்போது

மறுபடி அழுத்தத்தை இறக்கி, கேஜைக் கழற்றி, பழைய இணைப்பைப் புதிய செப்பு வாஷர்களோடு இறுக்குங்கள். டி இணைப்பை ‘அடுத்த முறைக்கு ஆகும்’ என்று அங்கேயே விட்டுவைக்கக் கூடாது. வேக்குவம் குழாய் திரும்ப மாட்டப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து கசிவு பார்த்த பிறகே செல்ஃப் அடியுங்கள். நான்கு ரீடிங்குகளையும் தேதி, கிலோமீட்டரோடு சர்வீஸ் நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வண்டி திணறும்போது ஒப்பிட வேறெந்த எண்ணும் இவ்வளவு உதவாது.

மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ஸ்டார்ட் செய்யும் முன் அந்த இணைப்பை இன்னொரு முறை விரலால் தடவிப் பாருங்கள். சூட்டில் அடைத்திருந்த இணைப்பு குளிர்ந்த பிறகு கசிவதுண்டு.